இலையுதிர் காலத்தில் இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கும் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள் சுருங்கி, குளிர் தொடங்கி, மூத்த பிள்ளை சளியோடு வீடு திரும்பும் மாதங்களில் கர்ப்பிணிகளும் அவர்களின் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறோம். தடுப்பூசி அட்டவணை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல் பிரசவத்திலேயே எல்லாம் பார்த்தாச்சு. இரண்டாவதுக்குப் புதுசா என்ன இருக்கப் போகுது?

உடம்பில் சில மாற்றங்கள் உண்டு. வயிற்றுத் தசை ஏற்கெனவே ஒருமுறை விரிந்து கொடுத்திருப்பதால் வயிறு சீக்கிரமே வெளியே தெரியும். முதல் முறை 18 முதல் 20 வாரத்தில் தெரிந்த அசைவு இப்போது 16 வாரத்திலேயே பிடிபடலாம். பொய்வலி முன்னதாகவே எட்டிப் பார்க்கும், இடுப்பு வலியும் அப்படித்தான். பிரசவ வலி பெரும்பாலும் முதல் முறையைவிடக் குறைந்த நேரத்தில் முடியும்.

ஆனால் பெரிய மாற்றம் உடம்பில் இல்லை, வீட்டில்தான். போன முறை அசதி வந்தால் படுத்துக்கொள்ள முடிந்தது. இப்போது கிருமி வருவதும் முதுகு பிடிப்பதும் தூக்கம் கெடுவதும் பெரும்பாலும் மூத்த பிள்ளை வழியாகத்தான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளையைச் சுற்றியே போவதற்குக் காரணம் அதுதான்.

பெரியவனைத் தூக்கலாமா? எல்லாரும் தூக்காதே தூக்காதேன்னு சொல்றாங்க.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பிள்ளையைத் தூக்குவதால் கரு கலைந்துவிடாது. இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கருப்பை வாயின் நீளம் குறைந்திருப்பது, குறைமாதப் பிரசவ வாய்ப்பு என்று மருத்துவர் எதையாவது சொல்லியிருந்தால் மட்டும் தூக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குத் தூக்கும் முறைதான் முக்கியம். ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி உட்காருங்கள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். எழும்போதே பக்கவாட்டில் திரும்புவதுதான் முதுகைப் பிடிக்க வைக்கும். முழுதாக எழுந்த பிறகு காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரே பக்க இடுப்பில் நெடுநேரம் வைத்திருப்பதையும் விட்டுவிடுங்கள்.

அதைவிட நல்லது, தூக்கவேண்டிய தேவையையே குறைப்பது. நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டால் அவன் தானே மடியில் ஏறுவான். கழுவுதொட்டிக்கும் காருக்கும் ஒரு சின்ன முக்காலி போதும். குளிர்காலக் கோட்டும் ஈரமான பூட்ஸும் போட்ட பிள்ளை கனமும் கூட, வழுக்கலும் கூட. படி இறங்கி வாசலுக்கு வந்த பிறகு பூட்ஸை மாட்டிவிடுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போதோ படி ஏறும்போதோ அடிவயிற்றின் முன் எலும்பில் சுருக்கென்று வலித்தால், உட்கார்ந்து உடை மாற்றுங்கள், பிசியோதெரபிஸ்டையும் சீக்கிரம் பாருங்கள். தள்ளிப்போட்டால் கடைசி மாதங்களில் நடப்பதே பாடாகிவிடும்.

பிள்ளைக்கு எப்போ சொல்றது? சொன்னா தினமும் "பாப்பா எப்போ வரும்"னு கேட்குமே?

கேட்கத்தான் கேட்கும். இரண்டு வயதுக்காரருக்கு வயிறு நன்றாகத் தெரிந்த பிறகு சொன்னால் போதும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டுவிடும், அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். மாதக் கணக்கு சிறுபிள்ளைக்குப் புரியாது. இந்தப் பருவத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரமே நாள்காட்டி. "இந்த மரத்தில் இலையே இல்லாமல் போய், ரொம்பக் குளிர் வந்த பிறகு" என்றால் புரிந்துகொள்ளும். தேதி சொல்லாதீர்கள். பிரசவம் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே போனால் நீங்கள் ஏமாற்றிவிட்டதாகவே அது நினைக்கும்.

"உன்கூட விளையாட ஆள் வருது" என்று மட்டும் ஆசை காட்டவேண்டாம். வருவது பால் குடித்து, அழுது, தூங்கும் ஆள். முதல் வாரத்திலேயே பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

தொட்டில் கட்டிலைப் பெரியவகிட்டேருந்து வாங்கிச் சின்னதுக்குக் கொடுக்கணும். எப்போ மாத்தறது?

பிரசவத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே மாற்றுங்கள், அல்லது குழந்தை பிறந்து சில மாதம் போகட்டும். இரண்டுக்கும் நடுவில், அதாவது கடைசி வாரங்களில் மாற்றுவதுதான் எல்லாரும் செய்வது, எல்லாருக்கும் சிக்கலாவதும். "என் இடத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள்" என்று நேரடியாகவே தோன்றிவிடும். மாற்றிய பிறகு பழைய தொட்டிலைக் கழற்றி இரண்டு வாரமாவது கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு பாப்பாவுக்காக மறுபடி பூட்டுங்கள். பிறந்த குழந்தைக்கு முதல் மாதங்களில் சின்னக் கூடைத் தொட்டிலே போதுமென்பதால் அவசரமில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதே கணக்கு. பல நாடுகளில் இலையுதிர் காலத்தில்தான் பள்ளி தொடங்குகிறது. அதே மாதத்தில் கட்டில் மாற்றமும் டயப்பரை விடுவதும் சேர்ந்தால் மூன்றுமே கெடும். கழிப்பறைப் பழக்கத்தைக் கடைசி இரண்டு மாதத்தில் தொடங்கவே வேண்டாம். அதற்குள் பழகிய பிள்ளைகூடப் பாப்பா வந்ததும் கொஞ்ச நாள் நனைப்பது சகஜம்.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வச்சதிலிருந்து நாலரைக்கே எழுந்து உட்கார்ந்துடுது. என்னால முடியலை.

கடிகாரம் மாற்றும் நாடுகளில் வருடா வருடம் வரும் புலம்பல் இது. பிள்ளையின் உடம்புக்கு இன்னும் ஐந்தரைதான். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் ஒரு மணி நேரம் தள்ளினால் அளவுக்கு மீறி அசந்து, இன்னும் சீக்கிரமே எழும். நாளுக்கு 10 முதல் 15 நிமிடம் தள்ளுங்கள். சாப்பாடு, குளியல், பகல் தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே தள்ளவேண்டும். மாலையில் வீட்டு விளக்கு பளிச்சென்று எரியட்டும். விடிகாலையில் எழுந்தாலும் அறை இருட்டாகவே இருக்கட்டும், பேச்சும் பாலும் விளையாட்டும் வேண்டாம். ஒரு வாரத்தில் சரியாகும். அந்த ஒரு வாரமும் விடிகாலை முறை அப்பாவுடையது என்று வைத்துக்கொண்டால் கர்ப்பிணி தூங்கலாம்.

முதல் முறையைவிட இப்போ ரொம்ப அசதி. பிள்ளை பின்னால ஓடறதாலயா, இல்ல வேற ஏதாவதா?

இரண்டுமாக இருக்கலாம், அதனால் ஊகிக்காமல் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். இரண்டு கர்ப்பத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், முதல் குழந்தைக்காகக் கரைந்த இரும்புச்சத்து இருப்பு திரும்ப நிரம்பியிருக்காது. ஹீமோகுளோபின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராமுக்குக் கீழே, நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழே போனால் இரத்தசோகை. தைராய்டையும் அதே ஊசியில் பார்த்துவிடலாம்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்க்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வைட்டமின் சி உள்ள பழச்சாறோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றித் தருவதுண்டு. வெயில் குறையும் காலம் என்பதால் வைட்டமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், உங்கள் கர்ப்பகால மாத்திரையில் இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது கர்ப்பத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. இரும்பு மாத்திரை சிறு பிள்ளைக்கு விஷம். சில மாத்திரை மட்டுமே விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். பளபளப்பான சிவப்பு மாத்திரை மிட்டாய் போலவே இருக்கும். கைப்பையிலும் படுக்கை மேசையிலும் வைக்காதீர்கள். உயரத்தில், பூட்டிய அலமாரியில் மட்டுமே வையுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சாயங்காலமே இருட்டிடுது, மனசும் சோர்ந்து போகுது. கர்ப்பத்துல இது சாதாரணம்தானே?

இரண்டொரு நாள் சோர்வு சாதாரணம். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராமல், பிள்ளையைப் பார்த்தாலே அழுகையோ எரிச்சலோ வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குக் கர்ப்பத்திலேயே சிகிச்சை உண்டு. முதல் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே உதவி கேட்கவேண்டும்.

நடைமுறையில் உதவுவது காலை வெளிச்சம். மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே அரை மணி நேரம் நடங்கள்.

முதல் கர்ப்பத்துல போட்ட தடுப்பூசியெல்லாம் திரும்பவும் போடணுமா?

ஃப்ளூ ஊசி ஒவ்வொரு பருவத்துக்கும் புதிது, அதனால் போடவேண்டும். எந்த மாதத்திலும் போடலாம். வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும் என்பதால், பருவம் தொடங்கும்போதே, வடக்கு நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில், போட்டுக்கொள்வது நல்லது. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை ஃப்ளூ ஊசி கிடையாது, அதுவரை அம்மாவிடமிருந்து போகும் எதிர்ப்புப் பொருள்தான் காவல். கர்ப்பிணிக்கு ஊசி மட்டுமே, மூக்கில் தெளிக்கும் வகை கூடாது. மூத்த பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தால் அந்த மூக்குத் தெளிப்பு கொடுக்கலாம், அதனால் வீட்டிலுள்ள கர்ப்பிணி ஒதுங்கி இருக்கவேண்டியதில்லை.

கக்குவான் இருமல் ஊசியை இரண்டு வருடம் முன்பு போட்டிருந்தாலும் இந்தக் கர்ப்பத்திலும் போடவேண்டும். எதிர்ப்புப் பொருள் சீக்கிரம் குறைந்துவிடுவதுதான் காரணம். பல நாடுகளில் 27 முதல் 36 வாரம், சில நாடுகளில் 16 வாரத்திலிருந்தே. கைக்குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கான தடுப்பூசி சில நாடுகளில் 28 வாரத்திலிருந்து, சில நாடுகளில் 32 முதல் 36 வாரத்துக்குள், அதுவும் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும். முதல் கர்ப்பத்திலேயே ஆர்எஸ்வி போட்டவர்களுக்கு எல்லா நாட்டிலும் திரும்பப் போடுவதில்லை. அங்கெல்லாம் குழந்தைக்கு நேரடியாக எதிர்ப்புப் பொருள் ஊசி தருகிறார்கள். முன்பு எது போட்டீர்கள், எப்போது என்ற சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

டே கேர்லேருந்து வாரத்துக்கு ஒரு சளி கொண்டு வர்றான். வயித்துப் பிள்ளைக்கு ஆபத்தா?

சாதாரணச் சளி வயிற்றுக் குழந்தையை ஒன்றும் செய்யாது. உங்களுக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோதான் மருத்துவரை அழைக்கவேண்டும்.

கவனிக்கவேண்டியது சத்தமில்லாத இன்னொரு கிருமி, சிஎம்வி. சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக் கணக்கில் இருக்கும், பிள்ளைக்கோ எந்தத் தொந்தரவும் தெரியாது. கர்ப்பத்தில் அம்மாவுக்குத் தொற்றினால் குழந்தையின் காதுகேட்கும் திறனை அது பாதிக்கலாம். அது வரும் வழிகள் எல்லாம் பாசமான வழிகள்தான்: பிள்ளை மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது, ஒரே கரண்டி, கீழே விழுந்த ரப்பர் நிப்பிளை வாயில் வைத்துத் துடைத்துக் கொடுப்பது, உதட்டில் முத்தம். முத்தத்தை நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் மாற்றுங்கள். டயப்பர் மாற்றிய பிறகும் மூக்கைத் துடைத்த பிறகும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். பிள்ளையைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, எச்சிலைத் தள்ளி வைத்தால் போதும்.

பள்ளியில யாருக்கோ அம்மைன்னு அறிவிப்பு வந்திருக்கு. நான் என்ன செய்யணும்?

முதலில் எந்த அம்மை என்று கேளுங்கள். சின்னம்மை உங்களுக்கு முன்பே வந்திருந்தாலோ இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்தாலோ கவலை வேண்டாம். இரண்டும் இல்லையென்றால், உடம்பில் கொப்புளம் தெரிவதற்காகக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். பாதுகாப்பு மருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன் தரும். தட்டம்மைக்கு அவகாசம் இன்னும் குறைவு. கன்னம் அறைந்தாற்போல் சிவக்கும் பார்வோ வைரஸ் காய்ச்சல் முதல் 20 வாரங்களில் கருவைப் பாதிக்கலாம். தடிப்பு தெரிவதற்கு முன்பே அது பரவிவிடும், அதனால் உங்களுக்குத் தொற்றியிருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

எதுவாக இருந்தாலும் முதலில் போன் செய்யுங்கள். நேராகப் போய் மற்றக் கர்ப்பிணிகளோடு காத்திருப்பு அறையில் உட்காரவேண்டாம்.

எனக்கே சளி பிடிச்சா என்ன மாத்திரை போட்டுக்கலாம்?

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாராசிட்டமால், தேவையான அளவில், தேவையான நாள் மட்டும். ஐப்யூபுரூஃபன் வகை வேண்டாம், 20 வாரத்துக்குப் பிறகு கண்டிப்பாக வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. கடையில் கிடைக்கும் கூட்டுச் சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் ஒளிந்திருக்கும், மூக்கடைப்பு மருந்தும் இருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள்.

குளிர்ல தோல் வறண்டு அரிக்குது. கிரீம் தடவினாப் போதுமா?

தோல் வெளுத்து, செதில் விட்டு, வயிற்றிலும் கெண்டைக்காலிலும் அரித்தால் அது வறட்சி. வெந்நீரின் சூட்டைக் குறைத்து, குளித்த ஈரத்தோடே வாசனையில்லாத கிரீம் தடவினால் அடங்கும்.

தோலில் எதுவுமே தெரியாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும், குறிப்பாக இரவில், தூங்கவிடாமல் அரித்தால் கிரீமை நம்பி இருக்காதீர்கள். பித்தநீர் தேங்குவதால் வரும் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அது முற்றினால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து. பித்த அமிலமும் கல்லீரல் பரிசோதனையும் கேளுங்கள். முதல் கர்ப்பத்தில் இது வந்தவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். "போன தடவையும் இப்படித்தான் அரிச்சுது" என்பது ஆறுதல் அல்ல, மருத்துவரிடம் சொல்லவேண்டிய தகவல்.

பிள்ளை இலைக் குவியல்ல குதிக்கக் கூப்பிடுது. தோட்ட வேலையும் கிடக்கு. செய்யலாமா?

செய்யலாம், கையுறையோடு. பூனைகள் மண்ணைத்தான் கழிப்பறையாக்கும், அதன் வழியே வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரும். வேலை முடிந்ததும் நகத்தோடு சேர்த்துக் கை கழுவுங்கள். பிள்ளையின் மணல் தொட்டியை மூடி வையுங்கள். இலையைக் குனிந்து அள்ளாமல், நீளக் கைப்பிடி வாரியால் சின்னச் சின்னக் குவியலாகச் சேருங்கள்.

நனைந்த இலை பாசி போல வழுக்கும். புவியீர்ப்பு மையம் முன்னே தள்ளிய உடம்புக்கு அடிப்பாகத்தில் வரிப்பள்ளம் உள்ள, கயிறு கட்டும் காலணி வேண்டும். விழுந்து வயிற்றில் அடிபட்டாலோ, விழுந்த பிறகு வலி, இரத்தம், நீர்க்கசிவு, அசைவுக் குறைவு எதுவும் இருந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். ஆர்எச் நெகட்டிவ் இரத்தவகை உள்ளவர்கள் அடிவயிற்றில் அடிபட்டால், ஒன்றுமே தெரியாவிட்டாலும் போகவேண்டும். குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக அம்மாவின் உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போடுவதே முறை. ஆர்எச் பொருத்தமின்மை முதல் குழந்தையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அடுத்ததைத்தான் தாக்கும். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை என்று இதில் அசட்டையாக இருக்கக்கூடாது.

ஹீட்டர் போட ஆரம்பிச்சாச்சு. எவ்வளவு சூடு வைக்கலாம்?

பிறந்த குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி போதும். பெரியவர்களுக்கு லேசாகக் குளிரும் அளவு அது. குழந்தைக்குக் குளிரைவிட அதிகச் சூடுதான் ஆபத்து. கையும் காலும் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கழுத்தின் பின்புறமோ நெஞ்சோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்தால் ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் தொப்பியும் வேண்டாம்.

எரிவாயு, விறகு, எண்ணெய் எரியும் எந்த ஹீட்டரையும் பருவம் தொடங்குமுன் ஆள் வைத்துச் சுத்தம் செய்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். அந்த வாயு வயிற்றுக் குழந்தையின் இரத்தத்தில் அம்மாவைவிட இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் விலகும். வீட்டுக்குள் தலைவலியும் குமட்டலும் இருந்து, வெளியே போனால் தெளிகிறதென்றால் மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். தனி ஹீட்டரை எந்தத் துணியிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி, பிள்ளை கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

குளிருக்குப் பிள்ளைக்குத் தடிமனான கோட் போட்டே கார் சீட்டில் உட்கார வைக்கலாமா?

கூடாது. பஞ்சடைத்த கோட் மோதலின் போது அமுங்கிவிடும், வார் தளர்ந்து பிள்ளை நழுவும். சோதித்துப் பாருங்கள்: கோட்டோடு உட்காரவைத்து வாரை இறுக்குங்கள். வாரைத் தளர்த்தாமல் பிள்ளையை இறக்கிக் கோட்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். எவ்வளவு இடைவெளி என்று கண்ணாலேயே தெரியும். மெல்லிய உடுப்பில் வாரை மாட்டி, தோள்பட்டை எலும்புக்கு மேலே வாரை விரலால் மடித்துப் பிடிக்க முடியாத அளவு இறுக்குங்கள். பிறகு கோட்டைத் திருப்பி முன்னால் போர்த்துங்கள். பிறந்த குழந்தைக்கும் இதேதான்.

உங்களுக்கும் அதே விதி. கோட்டைத் திறந்து, கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடை ஓரமாகவும் மேல்பட்டை மார்புக்கு நடுவிலும் போகட்டும். வயிற்றின் குறுக்கே போகக்கூடாது.

பெரியவளோட பழைய சாமானெல்லாம் பரண்ல இருக்கு. எதை எடுக்கலாம், எதை வீசலாம்?

கார் சீட்டின் அடியில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் தயாரித்து 6 முதல் 10 வருடம். விபத்தில் சிக்கியதை எடுக்கவே வேண்டாம். தொட்டில் கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. ஒரு பக்கம் கீழிறங்கும் பழைய வகை என்றால் கைவிடுங்கள். மெத்தை நடுவில் குழிந்திருந்தால் புதிது வாங்குங்கள். பால் புட்டியின் ரப்பர், பால் எடுக்கும் கருவியின் குழாயும் வால்வும் புதிதாகவே இருக்கட்டும். உறிஞ்சும் வேகம் குறைவதற்கு பெரும்பாலும் அந்தப் பழைய வால்வுதான் காரணம்.

துணிகளுக்கு ஒரே சிக்கல் பருவம். மூத்தது கோடையில் பிறந்திருந்தால், உங்களிடம் இருப்பது அத்தனையும் கையில்லாச் சட்டையாக இருக்கும். இப்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பெரியவன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். நிறுத்திடணுமா?

ஆரோக்கியமான கர்ப்பத்தில் கட்டாயமில்லை. குறைமாதப் பிரசவ வாய்ப்போ இரத்தப்போக்கோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். நடுமாதங்களில் பால் தானாகக் குறைந்து, பிறகு சீம்பாலாக மாறும். ருசி மாறுவதால் பல பிள்ளைகள் அவர்களாகவே விட்டுவிடுவார்கள். காம்பு வலியும் ஒரு வெறுப்பும் வருவது உண்டு, அது உங்கள் பாசக்குறைவு இல்லை. பிறந்த பிறகும் தொடர்ந்தால், சீம்பால் நாட்களில் சின்னதுக்குக் கொடுத்த பிறகே பெரியவனுக்கு.

முதல்ல சிசேரியன். இரண்டாவதும் சிசேரியன்தானா?

கட்டாயமில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு என்றால், சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நால்வரில் ஏறக்குறைய மூவருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிரியும் ஆபத்து இருநூறில் ஒன்று அளவு. இரண்டு பிரசவத்துக்கும் ஒன்றரை வருடத்துக்குக் குறைவான இடைவெளி இருந்தால் அது கூடும். அறுவை விவரச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், வெளித்தழும்பைப் பார்த்து உள்வெட்டைச் சொல்ல முடியாது. நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

முதல் முறை கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்தால் 24 வாரம் வரை காத்திராமல் முன்னதாகவே சோதிப்பார்கள். இரத்த அழுத்தம் ஏறி முன்சூல்வலிப்பு வந்திருந்தால், 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நாள் முழுக்க ஓடிட்டே இருக்கேன், அசைவைக் கவனிக்கவே நேரமில்லை. எத்தனை தடவை அசையணும்?

எல்லாருக்கும் பொருந்தும் எண்ணிக்கை கிடையாது. உங்கள் குழந்தைக்கு ஒரு வழக்கம் இருக்கும், அது மாறுகிறதா என்பதுதான் கேள்வி. மூத்த பிள்ளை தூங்கிய பிறகு, தினமும் ஒரே நேரத்தில், பக்கவாட்டில் படுத்துக் கவனியுங்கள். குறைந்தாற்போல் தோன்றினால் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம், "பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது" என்ற தயக்கமும் வேண்டாம். கூட்டிக்கொண்டே போங்கள். கடைசி மாதத்தில் இடம் குறைவதால் அசைவு குறையும் என்பது தவறான பேச்சு. 28 வாரத்துக்குப் பிறகு ஏதாவதொரு பக்கமாகப் படுத்துத் தூங்குங்கள். விழித்தபோது மல்லாந்திருந்தால் பதற்றமில்லாமல் மறுபடி ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

நடுராத்திரி வலி வந்தா பெரியவனை என்ன செய்யறது?

இதை 34 வாரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள், முதல் பதிலில் சொன்னபடி இந்த முறை நேரம் குறைவு. ஓர் ஆள் போதாது, மூன்று பேர் வேண்டும்: இரவில் உடனே வரக்கூடியவர், அவருக்கே சளியென்றால் இன்னொருவர், இருவரும் வந்து சேரும் வரை கால் மணி நேரம் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: எழும் நேரம், சாப்பிடுவது, ஒவ்வாமை, எந்தப் பொம்மை இல்லாமல் தூங்காது, பள்ளிக்கு யார் கொண்டுவிடுவது, காரின் பிள்ளைச் சீட் யாரிடம். வர இருப்பவர் பிரசவத்துக்கு முன் ஒருமுறையாவது பிள்ளையைத் தூங்கவைத்துப் பழகியிருக்கட்டும்.

முதல் குழந்தைக்குச் சொன்ன "ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி" கணக்கு இப்போது எல்லாருக்கும் பொருந்தாது. வலி சீராக வரத் தொடங்கியதுமே போன் செய்யுங்கள். பனிக்குடம் உடைந்தாலும் அப்படியே. முக்கவேண்டும் போலிருந்தால் காரில் ஏறாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். அதற்குள் குழந்தை வந்துவிட்டால் உலர்ந்த துண்டால் துடைத்து, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

பாப்பாவைப் பெரியவளுக்கு எப்படி அறிமுகப்படுத்தறது?

அவள் அறைக்குள் வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும், அம்மாவின் கை காலியாக இருக்கட்டும். முதல் அணைப்பு பெரியவளுக்கு. அவள் பாப்பாவைத் தேடாவிட்டால் விட்டுவிடுங்கள், நாலு நாளில் தானே வருவாள்.

வீட்டுக்கு வந்த பிறகு புட்டி கேட்பாள், மழலை பேசுவாள். திட்டாமல் கொடுத்துவிட்டால் சில வாரத்தில் தீரும். அடிக்கவோ கிள்ளவோ செய்தால் கையை மட்டும் பிடித்துத் தடுங்கள், ஒரு நிமிடம்கூட இருவரையும் தனியாக விடாதீர்கள். பால் கொடுக்கும் நேரத்தில்தான் அவள் அதிகம் படுத்துவாள் என்பதால், அப்போது மட்டும் எடுக்கும் ஒரு பொம்மைப் பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். அந்த நாட்களில் பால் கொடுக்கும்போதெல்லாம் உங்கள் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும். கருப்பை சுருங்கும் வலி அது, இரண்டாவது பிரசவத்தில் கூடுதலாகவே இருக்கும். சில நாளில் போய்விடும்.

பாப்பா பிறந்து பத்து நாள். பெரியவனுக்குச் சளி. கிட்டயே வரவிடக்கூடாதா?

ஒரே வீட்டில் முழுக்கப் பிரித்து வைக்க முடியாது, முயன்றால் பொறாமைதான் வளரும். கை கழுவிவிட்டு வரட்டும், முகத்துக்குப் பதிலாகப் பாதத்தில் முத்தம் கொடுக்கட்டும். வாயில் புண் அல்லது உதட்டுக் கொப்புளம் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பாதமும் கிடையாது. வருகிற விருந்தாளிகள் அழைக்கும்போதே "சளி இருந்தால் அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிடும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பாலைத் தொடருங்கள், உங்களுக்கே சளி பிடித்தாலும் நிறுத்தவேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால், நேரம் எதுவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காமல் போவது, விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுத்து மூச்சு விடுவது, மூச்சோடு முனகுவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது ஆகியவற்றுக்கும் அதேதான். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ காரை எடுக்காமல் ஆம்புலன்ஸ்.